நம்ம காலேஜ் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் புதுக் கோச் வந்திருக்கிறார்: என்ன நினைக்கிறீர்கள்?

#1 எட்டாம்நம்பர்_தண்டையார்பேட்டை | ஜூலை 12, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். காலேஜ் பெயரை எழுதவில்லை. இங்கே இருக்கிற வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அந்த அணியில் மூன்று வருடம் எட்டாம் நம்பர் போட்டு ஆடினேன். இப்போது என் தங்கை ஆடுகிறாள், பி.காம் இரண்டாம் ஆண்டு.

பத்தொன்பது வருடம் எங்களைப் பழக்கிய மாஸ்டர் மே மாதத்தோடு விலகிவிட்டார். முட்டி வலி, நிற்க முடியவில்லை. ஜூன் கடைசியில் புதுக் கோச் வந்தார், ஒரு பெண். முப்பதைத் தாண்டிய வயது, திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர், பாட்டியாலாவில் கோச்சிங் டிப்ளமோ படித்தவர். இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது.

வந்தவுடன் காலை 6 மணிப் பயிற்சியை மாலை 3.45க்கு மாற்றினார். மூன்று வாரத்துக்கு யாரும் ரிங்கில் பந்து போடக் கூடாது என்றார். எல்லோரும் ரத்தப் பரிசோதனை எடுத்து வர வேண்டும் என்றார். போன வெள்ளிக்கிழமை கேப்டனையும் மாற்றிவிட்டார். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் அன்றிலிருந்து கொதிக்கிறது. "நேற்று வந்தவங்க எல்லாத்தையும் மாத்துனா எப்படி" என்று பாதிப் பேர். மீதிப் பேர் பேசவே இல்லை.

முதல் நாள் நான் போயிருந்தேன், பார்த்ததைச் சொல்கிறேன். அவர் பந்தைத் தொடவில்லை. இன்ச் டேப்பை ஒரு மூங்கில் கம்பில் கட்டி ரிங்கை அளந்தார். தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். நுழைவாயில் பக்கத்து ரிங் சரியாக இருந்தது. கடல் பக்கத்து ரிங் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்து, பையன்கள் தொங்கித் தொங்கி, அப்படி ஆகியிருக்கிறது.

நாங்கள் மூன்று வருடம் அந்த ரிங்கில்தான் பழகினோம். வெளி மைதானத்துக்குப் போனால் முதல் பத்து நிமிடம் எங்கள் பந்து எல்லாம் முன் விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பும். பயம், பதற்றம் என்று நாங்களே எங்களைத் திட்டிக்கொண்டோம். ஒரு மேட்ச் தோற்றுவிட்டு வேனில் அழுதுகொண்டே வந்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கம்பையும் டேப்பையும் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் பந்து மூட்டையை அவிழ்த்தார். பதினொன்றில் எட்டு பந்து ஆண்கள் ஆடுகிற ஏழாம் எண். பெண்களுக்கு ஆறாம் எண் என்று சர்வதேச விதி வந்தே இருபது வருடம் ஆகிறது. ஏழாம் எண் சுமார் 600 கிராம், ஆறாம் எண் 510லிருந்து 550. எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இவருக்கு இரண்டு சீசனாவது கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


#2 ராயபுரம்_லெஃப்ட்ஹேண்ட் | ஜூலை 12, இரவு 11.02

தங்கச்சி, ரிங்கையும் பந்தையும் பற்றிச் சொன்னது சரி, வாயடைத்துப் போனேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மாஸ்டர் பத்தொன்பது வருடம் அந்தச் சிமெண்ட் தரையில் வெயிலில் நின்றவர். பாதி வருடம் அவருக்குத் தொகுப்பூதியம் நேரத்துக்கு வராது. போட்டிக்குப் போகும்போது பெண்களுக்குத் தன் கைக்காசில் இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தவர். அவர் காலத்தில்தான் இந்த அணி இரண்டு முறை அரையிறுதிக்குப் போனது. ரிங்கை மாற்றக் கேட்டு எத்தனை முறை எழுதிக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். எல்லாப் பழியையும் அவர் தலையில் வைக்காதீர்கள்.

செப்டம்பரில் இன்டர்காலேஜியேட், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. இப்போது மூன்று வாரம் ஷூட்டிங் கிடையாது என்றால் பிள்ளைகள் கையில் இருந்த டச் போய்விடும். ஷூட்டிங் தினம் போட்டால்தான் நிற்கும். நாற்பது வருடமாகப் பந்து பிடிக்கிறவன் சொல்கிறேன்.


#3 எட்டாம்நம்பர்_தண்டையார்பேட்டை | ஜூலை 12, இரவு 11.20

அண்ணா, மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. அந்த இட்லி சாப்பிட்டவள் நானும்தான். அவர் எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. இந்த அம்மா கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. வெல்டிங் கடைக்காரர் ஒருவரை மதியம் கூட்டி வந்து, பிடி மேடத்தை (உடற்கல்வி ஆசிரியை) பக்கத்தில் நிறுத்தி, அன்றைக்கே நிமிர்த்திவிட்டார்.


#4 கோர்ட்ஓரம் | ஜூலை 13, காலை 6.48

நான் வேறொரு கல்லூரியில் பதினொரு வருடமாகக் கோச். எங்கள் அணியும் உங்கள் அணியும் ஒவ்வொரு வருடமும் மோதிக்கொள்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூன்று வாரம் ஷூட்டிங் இல்லை என்பதைப் பற்றி. அந்த மூன்று வாரம் அவர் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று கேளுங்கள். குதித்து இறங்குவதுதானே? அப்படியென்றால் அவர் செய்வது சரி. முட்டிக்குள் இருக்கிற ஏ.சி.எல். ஜவ்வு கிழிவது கூடைப்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடித்துக் கிழிவதில்லை. ரீபவுண்டு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை, எடுத்துத் தனியாக இறங்கும்போது, ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, முட்டி உள்பக்கம் சாய்ந்து கிழிகிறது. ஒழுங்காக இறங்கப் பழக்கினால் இந்தக் காயம் பாதியளவு குறையும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஒரு முறை கிழிந்தால் ஆபரேஷன், ஒன்பது மாதம், சில நேரம் ஒரு வருடம். காலேஜே மூன்று வருடம்தான். அதில் ஒரு வருடம் போனால் அந்தப் பெண்ணுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு வேண்டிய சான்றிதழே போய்விடும்.

என் அணியில் இரண்டு பெண்களுக்கு இப்படி ஆனது. ஒருத்தி திரும்ப வரவேயில்லை. அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் அவள் இன்று ரயில்வேயில் ஆடிக்கொண்டிருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

புதிதாக வருகிற கோச்சுக்குக் காலம் கொடுப்பது பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் டான் ஸ்டேலி 2008இல் சவுத் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குக் கோச்சாகப் போனார். அவரே ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆட்டக்காரர். அப்படிப்பட்டவருக்கே முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. தேசிய சாம்பியன் ஆனது 2017இல், ஒன்பதாவது சீசனில். அப்புறம் 2022, 2024 என்று வென்றுகொண்டே இருக்கிறார். அதற்கும் முன்னால் பாட் சம்மிட் என்ற அம்மா 1974இல், 22 வயதில், டென்னசி அணியை எடுத்தார். மாதம் 250 டாலர் சம்பளம். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடையை அவரே துவைத்தார். 1,098 வெற்றி, எட்டு தேசியப் பட்டத்தோடு 2012இல் ஓய்வு பெற்றார். நம் ஊர்க் கோச்சுகள் வாழ்க்கை அவருடைய முதல் வருடத்தைப் போலத்தான் இருக்கிறது, எத்தனை வருடம் ஆனாலும்.

கேப்டன் விஷயம் எனக்குத் தெரியாது. அதில் கருத்து இல்லை.


#5 கொருக்குப்பேட்டை_அப்பா | ஜூலை 13, இரவு 9.31

ஐயா, நான் இங்கே புதிது. என் பெண்தான் போன வாரம் வரை கேப்டன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன்.

அவள் இரண்டு வருடமாக அணியில் அதிகப் புள்ளி எடுக்கிறவள். ஒரு தப்பும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் வரிசையில் நிற்க வைத்து, இனிமேல் இன்னார் கேப்டன் என்று சொல்லியிருக்கிறார்கள். என் பெண் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். அவள் அம்மா இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் கேப்டன் பதவி போனதற்கு இல்லை. ஒரு வார்த்தை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

இன்னொன்று, மாலைப் பயிற்சி. 3.45க்கு ஆரம்பித்து 6.30க்கு விடுகிறார்கள். நவம்பர் வந்தால் அதற்குள் இருட்டிவிடும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் பாதி நாள் எண்ணூர் ரோட்டில் லாரி வரிசையில் நிற்பேன், போய்க் கூட்டி வர முடியாது. காலை என்றால் வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் வருவாள்.


#6 எட்டாம்நம்பர்_தண்டையார்பேட்டை | ஜூலை 13, இரவு 10.05

அப்பா, முதல் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். அதில் கோச்சுக்காகப் பேச எனக்கு எதுவும் இல்லை.

நேரம் மாற்றியதற்குக் காரணம் தங்கை சொன்னாள், அதை மட்டும் எழுதுகிறேன். கோச் போன வருட வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாராம். பட்டியலில் 18 பேர். காலையில் ஒழுங்காக வந்தது எட்டு, ஒன்பது பேர்தான். வராதவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து ஏன் என்று கேட்டிருக்கிறார். வியாசர்பாடிப் பெண் ஒருத்தி, தெருப் பம்பில் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், இருபது குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்றாளாம். காசிமேட்டுப் பெண் ஒருத்தி, அம்மா விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விடுவார், தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவது தன் வேலை என்றாளாம். இவர்கள் எல்லோரையும் நாங்கள் அந்தக் காலத்தில் சோம்பேறி என்று நினைத்திருந்தோம். வந்த எட்டு, ஒன்பது பேரும் வெறும் வயிற்றில் வந்தவர்கள். நானும் அப்படித்தான் ஓடினேன், ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு.

இருட்டுக்குச் சொன்னது நியாயம். அதை அவரிடமே கேளுங்கள். பேசக் கூடியவர்தான்.


#7 பதினாலாம்நம்பர் | ஜூலை 14, மாலை 8.12

நான் இப்போது அணியில் இருக்கிறேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இரண்டு வருடமாக நான் பெஞ்சில்தான். ஜெயிக்கிற மேட்சில் கடைசி இரண்டு நிமிடம் இறக்கிவிடுவார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, நன்றாக ஆடுகிறவர்கள்தானே ஆட வேண்டும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். கோச் தரையில் சாக்பீஸால் ஆளுக்கொரு கட்டம் போடுவார். சிமெண்ட் பெஞ்சின் மேலிருந்து அந்தக் கட்டத்துக்குள் குதிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நிற்பார். சத்தத்தைக் கேட்டே சொல்வார், "குதிகால்ல இறங்கின", "ஒரு கால் முன்னாடி வந்துச்சு" என்று. முதல் வாரம் எல்லோரும் தொப்பு தொப்பென்று விழுந்தோம். எனக்கு மட்டும் பத்து முறை திரும்பச் சொன்னார். "முட்டி எங்க பாக்குதுன்னு பாரு, அது உன் கால் ரெண்டாவது விரலைப் பாக்கணும்" என்றார். இப்போது நான் படிக்கட்டு இறங்கும்போதும் முட்டியைப் பார்க்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 8.9 வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று டாக்டர் சொன்னார். அணியில் பாதிக்கு மேல் அப்படித்தான். மூன்றாவது குவார்ட்டரில் எனக்கு மூச்சு முட்டும், கண் இருட்டும். "ஸ்டாமினா இல்ல, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு" என்று சொல்லிச் சொல்லி ஓடுவேன். ஓட ஓட இன்னும் மோசமாகும். எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கும்.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டவுடன் டீ குடிக்கக் கூடாது, டீ இரும்புச் சத்தைச் சேர விடாது என்று கோச் சொன்னார். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அம்மா வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை செய்கிறார். என்னிடம் முதன்முதலாக ஒருவர் "உனக்கு உடம்பு சரியில்ல, நீ மோசமான பிளேயர் இல்ல" என்று சொன்னார். அதனால்தான் எழுதினேன்.


#8 கோர்ட்ஓரம் | ஜூலை 14, இரவு 9.00

தங்கம், நன்றாக எழுதியிருக்கிறாய். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. அப்படியென்றால் நம் ஒவ்வொருவர் அணியிலும் பாதிப் பேர். பதினொரு வருடமாக நானும் இதைப் பரிசோதித்துப் பார்த்ததில்லை. நாளைக்கே எங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கச் சொல்கிறேன்.


#9 ராயபுரம்_லெஃப்ட்ஹேண்ட் | ஜூலை 19, இரவு 9.44

நான்கு நாள் போய்ப் பார்த்தேன். மதில் ஓரம் நின்று, யாருக்கும் சொல்லாமல். பார்த்ததை எழுதுகிறேன்.

நம் அணி எப்போதும் 2-3 ஜோன் ஆடுகிற அணி, அதாவது ஆளுக்கு ஆள் மறிக்காமல் இடத்தைப் பிரித்துக்கொண்டு காப்பது. இரண்டு பேர் முன்னால், மூன்று பேர் ரிங்குக்குக் கீழே. உயரமான சென்டர் கிடைத்த வருடம் எல்லாம் அது நன்றாக வேலை செய்தது. இந்த வருடம் உயரம் இல்லை. அதிக உயரமே ஐந்தடி ஏழு. கீழே நின்றால் ரீபவுண்டு முழுக்க எதிரணிக்குத்தான். கோச் இதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டார். ஜோனை விட்டுவிட்டு ஃபுல் கோர்ட் பிரஸ் சொல்லிக் கொடுக்கிறார். எதிரணி பந்தை உள்ளே போட்ட நொடியிலிருந்து ஆளுக்கு ஆள் மறிப்பது. எட்டு நொடிக்குள் அவர்கள் பாதிக் கோட்டைத் தாண்டியாக வேண்டும், மொத்தம் 24 நொடிக்குள் பந்தைப் போட்டாக வேண்டும். ஏழு நொடியை மேலேயே தின்றுவிட்டால் மீதி நேரத்தில் அவசரமாகத்தான் போடுவார்கள். குள்ளமான, வேகமான அணிக்கு இதுதான் வழி. இதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பிரஸ் ஆட ஐந்து பேர் போதாது, பத்துப் பேர் வேண்டும். நாற்பது நிமிடமும் அந்த ஓட்டம் ஓட ஐந்து பேரால் முடியாது. அப்போதுதான் புரிந்தது, ஏன் நேரத்தை மாற்றினார், ஏன் பெஞ்சில் இருந்தவர்களை இவ்வளவு பார்க்கிறார், ஏன் ரத்தம் எடுக்கச் சொன்னார் என்று. தனித்தனியாகப் பார்த்தால் தலைகால் புரியாது. எல்லாம் ஒரே திட்டம்.

ஷூட்டிங் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றவில்லை. அதுவும் ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ. கோட்டிலிருந்து போர்டு 4.6 மீட்டர், யாரும் மறிக்க மாட்டார்கள், அது முழுக்கப் பழக்கம். அது கெட்டால் செப்டம்பரில் தெரியும்.


#10 மண்ணடி_அக்கா | ஜூலை 21, மதியம் 2.20

என் தங்கை முதலாம் ஆண்டு. பள்ளியில் நன்றாக ஆடினாள். பத்தாவது முடிந்ததும் விட்டுவிட்டாள். தலையை மறைத்துக்கொண்டு ஆட முடியாது, கழற்றிவிட்டு ஆட அவளுக்கு மனமில்லை, வீட்டிலும் சம்மதமில்லை.

அட்மிஷன் அன்று கோச் அவள் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தார். தலையை மறைத்து ஆடலாம் என்று சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017 அக்டோபரிலிருந்தே அனுமதிக்கிறது, முகத்தை மறைக்காமல், ஆடும்போது தொங்காமல் இருந்தால் போதும், நிறம் மட்டும் விதிப்படி இருக்க வேண்டும் என்று விளக்கினார். எங்கள் யாருக்கும் இது தெரியாது. இரண்டு வருடம் வீணாகப் போய்விட்டதே என்று அம்மா அழுதார்.

மறுநாள் கோச்சே மண்ணடி மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு வந்தார். கைக்குழந்தையோடு. அம்மா அவருக்கு நோன்புக்கஞ்சி மாதிரி ஒரு கஞ்சி வைத்துக் கொடுத்தார், குழந்தை அதில் பாதியைக் குடித்துவிட்டது. இப்போது தங்கை முழுக்கை, லெகிங்ஸ், கருப்புத் துணியோடு ஆடுகிறாள். பாயிண்ட் கார்டு, பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துகிறவள். வீட்டுக்குள்ளும் பந்தைத் தட்டிக்கொண்டே நடக்கிறாள், கீழ் வீட்டுக்காரர்கள் கத்துகிறார்கள்.


#11 வேலைக்குப்போகும்அம்மா | ஜூலை 22, காலை 10.10

ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அவரால் இதை எத்தனை நாள் செய்ய முடியும்? நானே ஒரு வருடம் முயன்று வேலையை விட்டவள். அந்தக் கவலையில்தான் கேட்கிறேன்.


#12 எட்டாம்நம்பர்_தண்டையார்பேட்டை | ஜூலை 22, மதியம் 1.35

தப்பாக எடுக்கவில்லை அக்கா. சென்னைப் பெண் அனிதா பால்துரையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர், 2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர். தாயான பிறகு திரும்பி வந்து ஆடினார். 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா வென்றபோது அணியில் இருந்தார். இரண்டே புள்ளி. அந்த மேட்சை போனில் பார்த்துக்கொண்டே நான் பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ஆனால் அவரைப் போல எல்லோராலும் முடியும் என்று சொல்லி விட்டுவிட்டால் அது நியாயம் இல்லை. இவருக்குப் பகலில் குழந்தையைப் பார்ப்பது அவர் மாமியார். பயிற்சி நேரத்தில் குழந்தை பிடி ரூமில் பாயில் விளையாடும். பெஞ்சில் இருக்கிற பெண்கள் முறை வைத்துத் தூக்குகிறார்கள். பிடி மேடம் ஒரு மின்விசிறி வாங்கிப் போட்டிருக்கிறார். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் முடியாது என்று கோச்சே சொன்னார்.


#13 கொருக்குப்பேட்டை_அப்பா | ஆகஸ்ட் 3, இரவு 10.50

நேரில் போய்ப் பார்த்தேன். நான் போனபோது புது வலை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டும்.

ரிங்கில் வலை இல்லாமல் வருடக் கணக்காகக் கிடந்தது. வாங்கி மாட்டினால் உப்புக் காற்றில் நைந்துபோகும், இல்லையென்றால் யாராவது அறுத்துப் போவார்கள். காசிமேட்டுப் பெண்ணின் தாத்தா மீன் வலை பின்னுகிறவர். கோச் அவரிடம் பழைய வலை ஒன்றைக் காட்டி இதேபோல வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெரியவர் ரிங்குக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டு கொக்கியையும் எண்ணிப் பார்த்து, நைலான் கயிற்றில் அங்கேயே பின்னினார். "பந்து உள்ள வந்தா உடனே விழக் கூடாதா, கொஞ்சம் நின்னு விழணுமா?" என்று கேட்டார். நின்று விழ வேண்டும் என்றார் கோச். அப்படியென்றால் கீழ்க்கண்ணைச் சின்னதாக எடுக்கணும் என்று இரண்டு வரிசையைப் பிரித்துத் திரும்பப் பின்னினார். முதல் பந்தை என் பெண்தான் போட்டாள். வலையில் ஒரு நொடி நின்று விழுந்தது. பெரியவர் தலையாட்டினார்.

அப்புறம் கோச்சிடம் பேசினேன். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: "அண்ணா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. முதல்ல அவகிட்ட தனியா பேசியிருக்கணும். அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன், உங்ககிட்டயும் கேக்கறேன்." கேப்டனை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். பிரஸ் ஆடும்போது பின்னாலிருந்து ஐந்து பேரையும் கத்தி நகர்த்த ஒருத்தி வேண்டும், நடுவரிடம் போய்ப் பேசவும் அவள்தான் வேண்டும், என் பெண் இரண்டையும் செய்துகொண்டு புள்ளியும் எடுக்க முயன்று போன வருடம் களைத்துப்போனாள் என்றார். காரணம் புரிகிறது. முழுதாக மனம் ஆறவில்லை. என் பெண்ணுக்கு ஆறிவிட்டது போலிருக்கிறது.

இருட்டு விஷயம்: நவம்பரிலிருந்து 5.45க்கே விட்டுவிடுவதாகச் சொன்னார். ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து போக வேண்டும், வீடு சேர்ந்ததும் குரூப்பில் ஒரு வார்த்தை போட வேண்டும். கடைசிப் பெண் போடும் வரை கோச் தன் வீட்டில் விழித்திருப்பார்.


#14 ராயபுரம்_லெஃப்ட்ஹேண்ட் | ஆகஸ்ட் 4, காலை 7.15

தவறு செய்தேன் என்று ஒரு பெற்றோரிடம் நேராகச் சொல்லுகிற கோச்சை நான் அதிகம் பார்த்ததில்லை. மரியாதை வருகிறது.


#15 எட்டாம்நம்பர்_தண்டையார்பேட்டை | செப்டம்பர் 21, இரவு 11.40

காலிறுதியில் தோற்றுவிட்டோம். மூன்று புள்ளி வித்தியாசம்.

முதல் இரண்டு சுற்றும் எதிரணிகளுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. பத்துப் பேரும் ஆடினார்கள். பதினாலாம் நம்பர் மூன்றாவது குவார்ட்டர் முழுக்க ஆடினாள். மூன்று பந்தைப் பிடுங்கினாள், கண் இருட்டவில்லை. மண்ணடித் தங்கை நடுவர் முன்னால் ஒரு நொடி தயங்கி நின்றாள், அவர் துணியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

காலிறுதியில் எதிரணி நம்மைவிட உயரம். கடைசி ஒரு நிமிடம் வரை சமநிலை. அந்தக் குவார்ட்டரில் அவர்கள் அணி நான்கு ஃபவுலைத் தாண்டியதால் நமக்கு ஃப்ரீ த்ரோ வந்துகொண்டே இருந்தது. வந்ததில் பாதிக்கு மேல் விட்டோம். அண்ணா சொன்னது நடந்தது. என் தங்கையும் கடைசியில் கிடைத்த இரண்டையும் விட்டாள். அடுத்த பந்தில் அவர்கள் மூன்று புள்ளி போட்டார்கள், முடிந்தது. வேனில் யாரும் பேசவில்லை. கோச் முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

ஒரு விஷயம். பழைய மாஸ்டர் வந்திருந்தார். மூலையில் தனியாக, கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். மேட்ச் முடிந்ததும் மெதுவாக நடந்து வந்து, கோச்சிடம் உள்ளங்கையைக் காட்டினார். பால்பாயிண்ட் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தார். 19 ஃப்ரீ த்ரோவில் 8தான் உள்ளே. "ஆறாம் எண் பந்துக்கு இன்னும் கை பழகல. பழைய பலத்துலயே போடுறாங்க, நீளமாப் போகுது. நாலு பேருக்கு முழங்கை வெளிய போகுது" என்று பெயர் சொல்லிச் சொன்னார். கோச் நோட்டைத் திருப்பி அவரிடமே கொடுத்து, "நீங்களே எழுதுங்க சார்" என்றார். அவர் நின்றுகொண்டே எழுத முயன்றார், கை நடுங்கியது. என் தங்கை ஓடிப்போய் நாற்காலி கொண்டு வந்தாள்.


#16 ராயபுரம்_லெஃப்ட்ஹேண்ட் | செப்டம்பர் 22, காலை 6.30

நான் சொன்னது நடந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை தங்கச்சி. ராத்திரி தூக்கம் வரவில்லை. மாஸ்டர் இனிமேலும் வருவாரா?


#17 எட்டாம்நம்பர்_தண்டையார்பேட்டை | செப்டம்பர் 22, காலை 8.05

வருகிறார் அண்ணா. செவ்வாயும் வெள்ளியும், ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும். தியாகராயா கல்லூரி மெட்ரோவில் அவரைக் கூட்டி வர ஒரு ஆள் தேவைப்படுகிறது. வெள்ளிக்கிழமை என் கணவர் போகிறார். செவ்வாய்க்கிழமை யாரும் இல்லை.


#18 ராயபுரம்_லெஃப்ட்ஹேண்ட் | செப்டம்பர் 22, காலை 8.11

செவ்வாய் நான் கூட்டி வருகிறேன். எத்தனை மணிக்கு?


#19 எட்டாம்நம்பர்_தண்டையார்பேட்டை | செப்டம்பர் 22, காலை 8.14

3.15க்கு அவர் மெட்ரோவில் இறங்குவார், லிஃப்ட் பக்கம் நில்லுங்கள். வண்டியைப் பின்பக்கக் கேட் வழியாக உள்ளே விடலாம், வாட்ச்மேனிடம் சொல்லி வைக்கிறேன்.